ஹார்டிக்கு முன்பே பேர் வாங்கிய ராமானுஜன்: டிகிரி இல்லாத இளைஞரை மெட்ராஸ் அடையாளம் கண்டது எப்படி?

டிசம்பர் 22 வந்தால் போதும், தேசிய கணித நாள் என்று ஒரே கதை எல்லோருடைய போனிலும் சுற்றி வரும். மெட்ராஸ் துறைமுகத்தில் ஒரு ஏழை குமாஸ்தா, கேம்பிரிட்ஜில் ஒரு பெரிய பேராசிரியர், நடுவில் ஒரு கடிதம். ஹார்டி கடிதத்தைப் பிரித்தார், உலகத்துக்கு ராமானுஜன் கிடைத்தார்.

கதை உண்மைதான். ஆனால் அதில் ஒரு பெரிய துண்டு விட்டுப்போகிறது. அந்தக் கடிதம் போனது 1913 ஜனவரி 16 அன்று. அதற்கு சுமார் இரண்டு வருடம் முன்பிருந்தே ராமானுஜனின் பெயர் அச்சில் வந்துகொண்டிருந்தது. துறைமுக வேலை கிடைத்ததிலேயே அந்தப் பெயருக்குப் பங்கு உண்டு. காலேஜ் பரீட்சையில் தேறாத ஒரு இளைஞர், ஒரு பத்திரிகையின் கேள்விப் பகுதியில் எழுதி எழுதியே மெட்ராஸில் மரியாதை சம்பாதித்தார்.

அது எப்படி நடந்தது?

அப்போது அவர் கையில் என்ன இருந்தது?

நோட்டுப் புத்தகங்கள். வேறு ஒன்றும் இல்லை.

1887-ல் ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்தவர் ராமானுஜன். டவுன் ஹைஸ்கூலில் படித்தபோது கணக்கில் பரிசு வாங்கியவர். 1904-ல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையோடு சேர்ந்தார். கணக்கைத் தவிர வேறு எதையும் தொடவில்லை. ஆங்கிலத்தில் கோட்டைவிட்டார், உதவித்தொகையும் போச்சு. அடுத்து மெட்ராஸ் பச்சையப்பன் கல்லூரி. அங்கேயும் எஃப்.ஏ. தேர்வு கைகொடுக்கவில்லை. எஃப்.ஏ. என்பது இன்றைய பிளஸ் டூ மாதிரி, பி.ஏ. படிக்க அதைத் தாண்டியாக வேண்டும். மறுபடி எழுதினார். மறுபடியும் தோல்வி.

1909-ல் ஜானகியுடன் கல்யாணம் நடந்தது. வீட்டில் கஷ்டம். சம்பாதிக்க வேண்டிய வயது, ஆனால் வேலைக்கு விண்ணப்பம் போட்டால் 'படிப்பு' என்ற இடத்தில் மெட்ரிகுலேஷன் என்று எழுதுவதோடு பேனா நின்றுவிடும். அந்தக் காலத்து மெட்ராஸில் அப்படிப்பட்ட பையன்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள்.

ஆனால் அவர் நோட்டில் எழுதி வைத்திருந்த கணக்குகளைப் புரிந்துகொள்ளக்கூடியவர்கள் மெட்ராஸ் மாகாணம் முழுக்கத் தேடினாலும் விரல் விட்டு எண்ணிவிடலாம். அந்தக் கொஞ்சம் பேர் கண்ணில் படுவது எப்படி என்பதுதான் பிரச்னை.

அந்தப் பத்திரிகை எது?

1907-ல் வி. ராமசாமி ஐயர் என்பவர் கணித ஆர்வலர்களைச் சேர்த்து ஒரு சங்கம் ஆரம்பித்தார். இவர் பேராசிரியர் இல்லை, அரசு வருவாய்த் துறை அதிகாரி. வெவ்வேறு ஊர்களில் தனித்தனியாகக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தவர்கள் பணம் போட்டு வெளிநாட்டுப் புத்தகங்களையும் இதழ்களையும் வாங்கி, தபாலில் ஒருவருக்கொருவர் சுற்றுக்கு விட்டுப் படிப்பது என்பதுதான் ஆரம்ப யோசனை. இந்தச் சங்கம்தான் பின்னாளில் இந்தியக் கணிதக் கழகம் ஆனது. 1909-ல் சங்கத்துக்கென்று ஒரு இதழும் வந்தது.

இதழில் கட்டுரைகள் உண்டு. கூடவே கேள்விப் பகுதி ஒன்றும் உண்டு. ஒருவர் ஒரு கணக்கைக் கேள்வியாகப் போடுவார், வாசகர்கள் விடை அனுப்புவார்கள். கேட்டவர் பெயரும் அச்சில் வரும், விடை சொன்னவர் பெயரும் வரும். கேள்வி மொக்கையாக இருந்தால் அதுவும் எல்லோருக்கும் தெரிந்துவிடும். விடை தப்பாக இருந்தால் இன்னும் மோசம்.

இந்த மாதிரி பக்கங்களில் ஒரு வசதி இருக்கிறது. எழுதியவர் யார், எவ்வளவு படித்தவர், என்ன சம்பளம் என்று படிப்பவருக்குத் தெரியாது. கணக்கு மட்டும்தான் தெரியும். இதற்கு ராமசாமி ஐயரே நல்ல உதாரணம். அவரை எல்லோரும் 'புரொபசர்' என்றுதான் கூப்பிடுவார்கள். மாணவராக இருந்தபோதே இங்கிலாந்தில் வந்துகொண்டிருந்த 'எஜுகேஷனல் டைம்ஸ்' இதழுக்குக் கணிதம் எழுதி அனுப்பியிருக்கிறார். இப்படி எழுதுபவர் கல்லூரிப் பேராசிரியராகத்தான் இருப்பார் என்று அங்கே இருந்தவர்கள் முடிவு செய்துவிட்டார்கள். பட்டம் அப்படியே ஒட்டிக்கொண்டது.

சர் சி.வி. ராமனுக்கும் இதே மாதிரி ஒரு கதை சொல்வார்கள். 1906-ல், மெட்ராஸ் மாநிலக் கல்லூரி மாணவராக இருந்தபோது, 18 வயதில் லண்டன் 'பிலாசபிகல் மேகஸின்' இதழில் அவர் கட்டுரை வந்தது. அதன்பிறகு ராலே பிரபு அவருக்கு எழுதிய கடிதத்தில் 'பேராசிரியர் ராமன்' என்றே விளித்தாராம்.

'உன் திறமைக்கு இந்த வேலை வேண்டாம்'

1910-ல் ராமானுஜன் திருக்கோவிலூருக்குப் போனார். ராமசாமி ஐயர் அப்போது அங்கே டெபுடி கலெக்டர். கணித சங்கத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்கப் போகவில்லை. தாலுகா ஆபீஸில் ஒரு குமாஸ்தா வேலை கிடைக்குமா என்று கேட்கத்தான் போனார். கையில் நோட்டு.

ராமசாமி ஐயர் நோட்டைப் புரட்டினார். வேலை கொடுக்கவில்லை. வருவாய்த் துறையின் கடைசிப் படியில் உட்கார வைத்து இந்தத் திறமையை நசுக்கிவிட மனசு வரவில்லை என்ற அர்த்தத்தில் அவர் பின்னாளில் சொல்லியிருக்கிறார். சாப்பாட்டுக்கு வழி தேடிப் போனவருக்கு அந்த நேரத்தில் இது எப்படி இருந்திருக்கும் என்பது வேறு விஷயம்.

ஆனால் அவர் வெறும் கையோடு அனுப்பவில்லை. மெட்ராஸில் இருந்த பி.வி. சேஷு ஐயரைப் பார்க்கச் சொன்னார். சேஷு ஐயர் கும்பகோணத்தில் ராமானுஜனுக்கு ஏற்கெனவே பாடம் எடுத்தவர். அங்கிருந்து அடுத்த கதவு ஆர். ராமச்சந்திர ராவ். நெல்லூர் கலெக்டர், கணித சங்கத்தின் செயலாளரும் அவர்தான்.

ராமச்சந்திர ராவ் உடனே நம்பவில்லை. நம்பாததற்குக் காரணமும் இருந்தது. சவரம் செய்யாத முகத்தோடு, நைந்துபோன நோட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு ஒரு பையன் வந்து, உலகத்தில் யாரும் கண்டுபிடிக்காததைக் கண்டுபிடித்திருக்கிறேன் என்றால் எந்த கலெக்டர் நம்புவார்? எங்கிருந்தாவது பார்த்து எழுதினாரா, இல்லை நிஜமாகவே சரக்கு இருக்கிறதா என்ற சந்தேகம் அவருக்கு. திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்தார் ராமானுஜன். எளிய முடிவுகளில் ஆரம்பித்து, படிப்படியாகக் கடினமானவற்றுக்கு அழைத்துப்போய் விளக்கினார். கடைசியில் கலெக்டர் வழிக்கு வந்தார். உனக்கு என்னதான் வேண்டும் என்று கேட்டதற்கு, ஆராய்ச்சி செய்ய நேரம் கிடைக்கிற அளவுக்கு வயிற்றுப்பாடு நடந்தால் போதும் என்று ராமானுஜன் பதில் சொன்னதாக ராவ் எழுதியிருக்கிறார்.

மாதம் 25 ரூபாய் ராவ் தன் கைக்காசில் கொடுத்தார். மெட்ராஸில் தங்கிக் கணக்குப் போட அது போதும். ஆனால் ஒரு பிரச்னை மீதி இருந்தது. ராவுக்குத் தெரிந்துவிட்டது, மற்றவர்களுக்கு? ஒவ்வொரு வீட்டுக் கதவாகத் தட்டி நோட்டைக் காட்டிக்கொண்டே இருக்க முடியாது.

1911-ல் கேள்விப் பகுதிக்குள் நுழைந்தார்.

289-வது கேள்வி: நீங்களும் போட்டுப் பார்க்கலாம்

அவர் போட்ட ஆரம்பக் கேள்விகளில் ஒன்று இன்றைக்கும் பிரபலம். இதழின் வரிசையில் 289-வது கேள்வி. இதன் மதிப்பு என்ன என்று கேட்டார்:

√(1 + 2√(1 + 3√(1 + 4√(1 + …))))

வர்க்கமூலத்துக்குள் வர்க்கமூலம், அதற்குள் இன்னொன்று, முடிவே இல்லாமல் போகிறது. பார்த்தாலே தலை சுற்றும். ஒரு இதழ் வந்தது, விடை இல்லை. அடுத்த இதழ், அதற்கடுத்த இதழ். ஆறு மாதம் ஓடியும் ஒருவரும் விடை அனுப்பவில்லை. கடைசியில் ராமானுஜனே சொன்னார். விடை 3.

இவ்வளவுதானா என்று தோன்றும். போன் கால்குலேட்டரை எடுத்து நீங்களே சோதிக்கலாம். நான்கோடு நிறுத்தினால், அதாவது கடைசியில் √(1+4) என்று முடித்து உள்ளேயிருந்து வெளியே வந்தால், சுமார் 2.56 கிடைக்கும். ஐந்தோடு நிறுத்தினால் 2.76. ஆறோடு நிறுத்தினால் 2.87. போகப் போக 3-ஐ நெருங்கும்.

ஏன் 3? இதற்குள் இருக்கும் சூட்சுமம் எட்டாம் வகுப்புக் கணக்குதான். 3 என்பது √9. 9 என்பது 1 + 8, அதாவது 1 + 2×4. அந்த 4 என்பது √16, அதாவது √(1 + 3×5). அந்த 5 என்பது √25, அதாவது √(1 + 4×6). இப்படியே 6, 7, 8 என்று உள்ளே உள்ளே போய்க்கொண்டே இருக்கலாம். வெளியிலிருந்து பார்த்தால் பயமுறுத்தும் கணக்கு, கதவு திறந்ததும் ஒரே வரிசையில் அடுக்கி வைத்த மாதிரி இருக்கும். ராமானுஜன் இதைவிடப் பெரிய பொதுச் சூத்திரம் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, அதன் ஒரு சின்னத் துண்டைத்தான் கேள்வியாக வெட்டிப் போட்டார்.

நல்ல கேள்வி என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது கஷ்டம். பள்ளிக்கூடப் பையனுக்கும் கேள்வி புரியும். பேராசிரியருக்கும் விடை சட்டென்று வராது. விடை தெரிந்ததும் 'அட' என்று தோன்றும். கேட்டவர் யார் என்று பெயரைத் திரும்பிப் பார்க்க வைக்கும்.

இதில் ஒரு ஓட்டையும் இருந்தது. ராமானுஜன் கொடுத்த விடை முழுமையான நிரூபணம் இல்லை. ஏனென்றால் இதே தந்திரத்தில் 4-ஐயும் எழுதிக்காட்ட முடியும். 4 என்பது √16, அது √(1 + 2×7.5), அந்த 7.5-ஐ மறுபடி உடைக்கலாம், இப்படி அதுவும் முடிவில்லாமல் போகும். அப்படியானால் விடை 3-ஆ, 4-ஆ? படிப்படியாகக் கணக்கிட்டால் அது உண்மையில் எந்த எண்ணில் போய் நிற்கிறது என்று தனியாகக் காட்டியாக வேண்டும். இந்த மாதிரி தொடர்கள் எப்போது ஒரு எண்ணில் நிலைக்கும் என்பதற்கான நிபந்தனையைப் பின்னாளில் டி. விஜயராகவன் என்ற தமிழ்க் கணித அறிஞர் கொடுத்தார். 1927-ல் வெளியான ராமானுஜன் கட்டுரைத் தொகுப்பில் அந்தக் குறிப்பு இருக்கிறது. தொகுப்பின் ஆசிரியர்கள் ஹார்டி, பி.எம். வில்சன், அவர்களோடு நம்ம சேஷு ஐயர்.

கட்டுரையைத் திருப்பி அனுப்பிய ஆசிரியர்

கேள்விகளோடு நிற்கவில்லை. 1911-லேயே ராமானுஜனின் முதல் முழுக் கட்டுரையும் அதே இதழில் வந்தது. பெர்னூலி எண்கள் என்ற எண் வரிசையின் சில பண்புகளைப் பற்றியது.

இந்த இடத்தில் கதையில் அதிகம் பேசப்படாத ஒருவர் வருகிறார். இதழின் ஆசிரியர், பெங்களூரில் இருந்த எம்.டி. நாராயண ஐயங்கார். ராமானுஜன் அனுப்பிய பிரதி அவரைத் திணறடித்தது. முறை புதுசு, சொல்வது ரொம்பச் சுருக்கம், தெளிவு கிடையாது, சாதாரண வாசகரால் பின்தொடரவே முடியாது என்பது அவர் கருத்து. பிரதி ஆசிரியருக்கும் ராமானுஜனுக்கும் இடையே பலமுறை போய் வந்த பிறகுதான் அச்சேறியது.

ராமானுஜனுக்கு இது புதுப் பாடம். அதுவரை அவர் தனக்காக எழுதினார். ஸ்லேட்டில் போட்டு, முழங்கையால் அழித்து, முடிவை மட்டும் நோட்டில் ஏற்றுவது அவர் பழக்கம். அடுத்தவர் படிப்பதற்காக எழுதுவது வேறு வேலை என்று அவருக்கு முதலில் கற்றுக்கொடுத்தது கேம்பிரிட்ஜ் அல்ல. பெங்களூரில் இருந்து தபாலில் திரும்பி வந்த காகிதங்கள்தான். நாராயண ஐயங்கார் முதல் தடவையே குப்பையில் போட்டிருந்தால் கேட்பதற்கு ஆள் இல்லை. அவர் பொறுமையாகத் திருப்பித் திருப்பி அனுப்பினார். ராமானுஜன் கதையைச் சொல்பவர்கள் இவருக்கு இன்னும் கொஞ்சம் இடம் கொடுக்கலாம்.

பேர், சம்பளமாக மாறியது எப்போது?

கலெக்டர் தரும் 25 ரூபாயில் காலம் தள்ளுவது ராமானுஜனுக்கு உறுத்தியது. 1912 ஆரம்பத்தில் அக்கவுண்டன்ட் ஜெனரல் ஆபீஸில் 20 ரூபாய் சம்பளத்தில் சில வாரம் தற்காலிக வேலை பார்த்தார். பிப்ரவரி 9 அன்று மெட்ராஸ் போர்ட் டிரஸ்டுக்கு விண்ணப்பம் போட்டார். திருவல்லிக்கேணி முகவரி. எஃப்.ஏ. வரை படித்தேன், சூழ்நிலையால் தொடர முடியவில்லை, ஆனால் என் நேரம் முழுவதையும் கணிதத்துக்குக் கொடுத்திருக்கிறேன் என்று எழுதினார்.

கூடவே ஒரு சிபாரிசுக் கடிதம் இருந்தது. எழுதியவர் மாநிலக் கல்லூரியின் கணிதப் பேராசிரியர் மிடில்மாஸ்ட். கணிதத்தில் அசாதாரணத் திறமை உள்ள இளைஞர் என்று அதில் சொல்லியிருந்தார். எஃப்.ஏ. தேறாத ஒருவருக்கு மாநிலக் கல்லூரிப் பேராசிரியர் இப்படி எழுதிக் கொடுக்கிறார் என்றால், அதற்குள் அவர் பெயர் எங்கே வரை போயிருந்தது என்று புரியும்.

மார்ச் 1 அன்று வேலையில் சேர்ந்தார். மூன்றாம் வகுப்பு, நான்காம் கிரேடு குமாஸ்தா, மாதம் 30 ரூபாய். ஆபீஸின் தலைமைக் கணக்கர் எஸ். நாராயண ஐயர். அவர் யார் என்று பார்த்தால் ஆச்சரியம் வராது: கணிதக் கழகத்தின் பொருளாளர். முன்பு திருச்சியில் கல்லூரியில் கணிதம் சொல்லிக் கொடுத்தவர். இரவு நேரத்தில் திருவல்லிக்கேணி வீட்டில் இருவரும் ஆளுக்கொரு ஸ்லேட்டை வைத்துக்கொண்டு உட்காருவார்களாம். ராமானுஜன் ஒரே தாவலில் தாண்டும் படிகளை ஒவ்வொன்றாக விளக்கச் சொல்லி, எனக்கே புரியவில்லை என்றால் அடுத்தவருக்கு எப்படிப் புரியும் என்று கேட்டவர் அவர்தான். போர்ட் டிரஸ்ட் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கிடம் இந்தக் குமாஸ்தாவைப் பற்றி எடுத்துச் சொன்னவரும் அவரே.

அதன்பிறகு மெட்ராஸில் இருந்த ஆங்கிலேயர்களும் பேச ஆரம்பித்தார்கள். பொறியியல் கல்லூரியின் கிரிஃபித், ராமானுஜனின் வேலைகளை லண்டனில் இருந்த பேராசிரியர் ஹில்லுக்கு அனுப்பினார். ஹில் முழுசாகப் பாராட்டவில்லை. திறமை இருக்கிறது, ஆனால் முடிவில்லாத் தொடர்களைக் கையாளும்போது குழியில் விழுந்திருக்கிறார், இந்தப் புத்தகத்தைப் படிக்கட்டும் என்றார்.

கேம்பிரிட்ஜ் கடிதம் இந்த வரிசையில் எங்கே வருகிறது?

கடைசியில். ஹார்டிக்கு முன்னால் கேம்பிரிட்ஜில் வேறு இரண்டு பெரியவர்களுக்கும் எழுதிப் பார்த்தார், உதவி கிடைக்கவில்லை. ஹார்டி படித்தார். சுமார் 120 தேற்றங்கள், பெரும்பாலும் நிரூபணம் இல்லாமல். நண்பர் லிட்டில்வுட்டைக் கூப்பிட்டு உட்கார்ந்து பார்த்து, இது ஏமாற்று வேலை இல்லை என்ற முடிவுக்கு வந்தார். பிப்ரவரி 8 அன்று பதில் போட்டார்.

ராமானுஜன் திரும்ப எழுதியதில் ஒரு விஷயம் கவனிக்க வேண்டியது. மூளையைக் காப்பாற்ற வேண்டுமானால் வயிற்றுக்குச் சோறு வேண்டும், நீங்கள் ஆதரவாக ஒரு கடிதம் எழுதினால் இங்கே பல்கலைக்கழகத்திலோ அரசிடமோ உதவித்தொகை வாங்க உதவும் என்று கேட்டார். ஹார்டியின் பாராட்டு அவருக்கு அந்த நேரத்தில் கௌரவம் மட்டும் இல்லை. மெட்ராஸில் காட்டுவதற்கு ஒரு சான்றிதழ்.

காட்டினார்கள். வானிலை ஆய்வுத் துறைத் தலைவர் கில்பர்ட் வாக்கர் அதே பிப்ரவரியில் மெட்ராஸ் வந்தபோது நோட்டு அவர் கைக்குப் போனது. அவரும் முன்பு கேம்பிரிட்ஜ் கணிதக்காரர். பல்கலைக்கழகத்துக்கு உடனே எழுதினார். பல்கலைக்கழகத்தில் சிக்கல் என்னவென்றால், ஆராய்ச்சி உதவித்தொகை வாங்க முதுகலைப் பட்டம் வேண்டும் என்பது விதி. இவருக்கு எஃப்.ஏ.வே இல்லை. விதியை ஓரமாக வைத்தார்கள். 1913 மே 1 முதல் மாதம் 75 ரூபாய், இரண்டு வருடத்துக்கு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்ன செய்தோம் என்று அறிக்கை கொடுத்தால் போதும்.

30 ரூபாய் சம்பளம் 75 ஆனதைவிட, பகல் முழுக்க அவருக்கே சொந்தமானது என்பதுதான் அந்த உத்தரவின் அர்த்தம். அடுத்த வருடம் மார்ச் 17 அன்று இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறினார்.

35 வருடம் பதில் இல்லாத கேள்வி

பெரிய ஆள் ஆன பிறகு கேள்விப் பகுதியை மறந்துவிட்டாரா என்றால், இல்லை. 1911-லிருந்து 1919 வரை ஐம்பதுக்கும் மேற்பட்ட கேள்விகளை அந்த இதழுக்குக் கொடுத்திருக்கிறார். அதில் 1913-ல் வந்த 464-வது கேள்வி ஒரு ரகம்.

2-ஐ அதனாலேயே பெருக்கிக்கொண்டே போங்கள்: 2, 4, 8, 16, 32… ஒவ்வொன்றிலிருந்தும் 7-ஐக் கழியுங்கள். 8-7 = 1. 16-7 = 9. 32-7 = 25. மூன்றுமே முழு வர்க்கங்கள். அடுத்த 64-ல் வராது. 128-7 = 121, அது 11-ன் வர்க்கம். அதற்கப்புறம் ரொம்ப தூரம் போய், 32,768-7 = 32,761. அது 181-ன் வர்க்கம். இந்த ஐந்தைச் சொல்லிவிட்டு, வேறு ஏதாவது உண்டா என்று கேட்டார் ராமானுஜன்.

வேறு கிடையாது. ஆனால் அதை நிரூபிக்க 1948 ஆனது. நிரூபித்தவர் நார்வேயைச் சேர்ந்த நாகெல். இன்றைக்கு அந்தச் சமன்பாட்டுக்கு ராமானுஜன்-நாகெல் சமன்பாடு என்றே பெயர். சின்ன இதழ் ஒன்றின் கேள்விப் பக்கத்தில் இரண்டு வரியில் வந்த விஷயம்.

எல்லோருக்கும் இந்தக் கதவு திறந்திருந்ததா?

இதையும் கேட்டாக வேண்டும். கேள்விப் பகுதி யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்று சொல்வது பாதி உண்மைதான். இதழ் ஆங்கிலத்தில் வந்தது. படித்தவர்கள் பெரும்பாலும் கல்லூரிப் பேராசிரியர்கள், அரசு அதிகாரிகள். ராமானுஜனுக்கு உதவிய இந்தியர்களின் பெயர் வரிசையைப் பார்த்தாலே தெரியும், அந்த வட்டம் எவ்வளவு சின்னது, எந்தச் சமூகப் பின்னணியில் இருந்து வந்தவர்களால் நிறைந்திருந்தது என்று. ராமானுஜன் வறுமையில் இருந்தார், ஆனால் அந்த வட்டத்தின் வாசல்படி வரை போக அவருக்கு வழி இருந்தது. கும்பகோணத்து நண்பர்கள், பழைய ஆசிரியர்கள், அவர்கள் கொடுத்த அறிமுகக் கடிதங்கள் இருந்தன. அதே ஊரில் அதே வயதில் அந்த வழி இல்லாத ஒரு பையனின் நோட்டை யாரும் பிரித்திருக்க மாட்டார்கள்.

இன்னொன்று. பேர் வந்ததும் காசு தானாக வரவில்லை. கேள்வி அச்சில் வந்ததற்காக அவருக்குச் சோறு போடவில்லை யாரும். படித்தவர்களில் ஒருவர் கலெக்டராகவும், ஒருவர் தலைமைக் கணக்கராகவும் இருந்ததால் பேர் வேலையாக மாறியது. தரம் அவர் கையில் இருந்தது. அதைப் படிக்கிறவர் யார் என்பது அவர் கையில் இல்லை.

லஸ் சர்ச் சாலையில் இரண்டு வீடுகள்

1918-ல் ராயல் சொசைட்டி உறுப்பினர் ஆனார், அதே வருடம் டிரினிட்டி கல்லூரியின் ஃபெலோ ஆனார். மெட்ராஸ் பல்கலைக்கழகம் வருடத்துக்கு 250 பவுண்டு தருவதாக அறிவித்தது. ராமானுஜன் நன்றி சொல்லி எழுதிய பதிலில், பெற்றோர் செலவும் தன் செலவும் போக மிஞ்சுவதை ஏழைப் பையன்கள், அனாதைகளின் பள்ளிக் கட்டணத்துக்கும் புத்தகத்துக்கும் பயன்படுத்தச் சொன்னார். ஃபீஸ் இல்லாமல் கஷ்டப்பட்டவருக்குத்தான் அந்த வரி தோன்றும்.

1919 ஏப்ரல் 2 அன்று மெட்ராஸ் திரும்பியபோது உடம்பு மிகவும் மோசம். இந்தமுறை திருவல்லிக்கேணி இல்லை, மயிலாப்பூர். முதலில் எட்வர்ட் எலியட்ஸ் சாலையில், அதாவது இன்றைய டாக்டர் ராதாகிருஷ்ணன் சாலையில் ஒரு பங்களா. பிறகு லஸ் சர்ச் சாலையில் 'வெங்கட விலாஸ்' என்ற வீடு. வேலை கேட்டு நோட்டோடு அலைந்த ஊரில், பெரிய மனிதர்கள் அவரைத் தேடி வந்து பார்த்தார்கள். 1920 ஏப்ரல் 26 அன்று சேத்துப்பட்டில் காலமானார். வயது 32.

அதே லஸ் சர்ச் சாலையில், நாற்பது வருடம் கழித்து இன்னொரு வீட்டில் கிட்டத்தட்ட இதே மாதிரி ஒன்று நடந்தது. 'ஏகாம்ர நிவாஸ்'. அரசியல் சட்ட வரைவுக் குழுவில் இருந்த அல்லாடி கிருஷ்ணசாமி ஐயரின் வீடு. அவர் மகன், இயற்பியலாளர் அல்லாடி ராமகிருஷ்ணன் பிரின்ஸ்டனில் இருந்து திரும்பி வந்து, வீட்டிலேயே மாணவர்களை உட்கார வைத்துக் கோட்பாட்டு இயற்பியல் கருத்தரங்கு நடத்தினார். நிறுவனம் கிடையாது, கட்டடம் கிடையாது. மாணவர்கள் புதுக் கட்டுரைகளைப் படித்து விளக்க வேண்டும், வெளிநாட்டிலிருந்து வரும் விஞ்ஞானிகள் வீட்டுக்கே வந்து பேசுவார்கள்.

1960-ல் நோபல் பரிசு பெற்ற நீல்ஸ் போர் இந்தியா வந்தார். தன்னைக் கவர்ந்தவை என்று டிராம்பேயின் பிரம்மாண்ட அணுசக்தி நிலையத்தையும், மெட்ராஸில் ராமகிருஷ்ணனிடம் வேலை செய்யும் சின்ன மாணவர் குழுவையும் அவர் சேர்த்துச் சொன்னார். செய்தி பத்திரிகையில் வந்தது. மாநில அமைச்சர் சி. சுப்பிரமணியம் விஷயத்தை நேருவிடம் எடுத்துப்போனார். 1961 அக்டோபரில் மெட்ராஸ் வந்த நேரு அந்த மாணவர்களை நேரில் சந்தித்துப் பேசினார். 1962 ஜனவரி 3 அன்று கணித அறிவியல் நிறுவனம் மாநிலக் கல்லூரியில் தொடங்கி வைக்கப்பட்டது. 'மேட்சயன்ஸ்' என்று பழையவர்கள் சொல்வது இதைத்தான். இன்றைக்கு அது அடையாறு தாண்டி தரமணியில் இயங்குகிறது.